குடலிறக்கம் என்று சொல்லிவைத்தது

நியூசிலாந்தின் கடலோரத்தில் இருக்கும் வைக்கோரேயில் ஒரு சேதி ஊர் முழுக்கப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால், "பிரிஹிரா இப்ப எங்க இருக்கா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பெட்ரோல் பங்க் கடை வாசலில் நின்றால் பத்து நிமிடம். வீட்டில் இருந்தால் அடுப்பை அணைத்து, செருப்பைத் தேடி, காரைக் கிளப்பிக்கொண்டு வரவேண்டும், அரைமணி. பாதிரியாருக்குப் பல்செட் வந்ததும், பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவின் புருஷன் வெலிங்டனில் இன்னொரு வீட்டுக் கொடியில் சட்டை காயப்போடுவதும் அந்தக் கடற்கரைக்குத் தெரிந்தது அவள் புண்ணியத்தில்தான். டீச்சரம்மாவுக்கே அப்படித்தான் தெரிந்தது.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு சேதியை இரண்டு வருஷம் தொண்டைக்குக் கீழே அமுக்கி வைத்திருந்தாள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். சேதி அவளுடைய அக்கா ஹாரியாட்டாவின் மகன் நீக்கோராவைப் பற்றியது.

நீக்கோரா ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவன். காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் முந்நூறு ஆட்டைப் புரட்டிப்போட்டுக் கத்தரித்துவிட்டு, அதன்பிறகும் பந்து விளையாடப் போகிற உடம்பு. முப்பத்தோரு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு ஊரில் நாலு காரணம் புழங்கியது. நாலில் மூன்றைத் தயாரித்து வெளியே விட்டவள் பிரிஹிராதான். உண்மையான காரணம் யார் கையிலும் அகப்படாமல் இருக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

விஷயம் நடந்தது ஆஸ்திரேலியாவில். வருஷா வருஷம் ஊரின் ரோமம் கத்தரிக்கிற குழு அங்கே வேலைக்குப் போகும். பிரிஹிரா குழுவுக்குச் சமையல்காரி. ஒரு நாள் நீக்கோரா கொட்டகையிலிருந்து கவட்டைப் பிடித்துக்கொண்டு வந்தான். கிடா உதைத்துவிட்டது என்றான்.

"எங்கடா உதைச்சுது?" என்று கேட்டான் பக்கத்து மேடையில் கத்தரிக்கும் ரங்கி.

"தொடைல."

"அது தொடையா? அப்ப உனக்கு முட்டி எங்க மாப்ள இருக்கு, தொப்புள்லயா?"

எல்லாரும் சிரித்தார்கள். நீக்கோராவும் சிரித்தான். ஆனால் மூன்று வாரம் கழித்தும் அவன் சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கமாகவே உட்கார்ந்தான். ஒருவன் நாற்காலியில் உட்காருகிற விதத்தை வைத்தே அவன் வீட்டில் என்ன சண்டை என்று சொல்லக்கூடியவள் பிரிஹிரா. சட்டியை இறக்கி வைத்துவிட்டு, அவனைச் சமையல் வண்டியில் ஏற்றி, இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். வழி முழுக்க அவன் வாய் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை. அதுவே உலக அதிசயம்.

கிடா உதைத்தது நிஜம்தான். ஆனால் வீக்கம் கிடாவுடையது அல்ல. வலது விரையில் புற்று. இரண்டே நாளில் எடுத்துவிட்டார்கள். அந்த இடம் வெறுமையாகத் தெரியாமல் இருக்க சிலிக்கான் உருண்டை ஒன்றை வைத்துத் தைத்தார்கள்.

சர்ஜன் வயசானவர். ஒரு காகிதத்தில் ஆள் உருவம் வரைந்து, கீழே ஒரு வட்டம் போட்டு, அங்கிருந்து வயிற்றுக்குள் மேலே மேலே போகிறமாதிரி அம்புக்குறி ஒன்று இழுத்தார். "கீழ இருந்தத எடுத்தாச்சு தம்பி. ஆனா இது மேல ஏறக்கூடிய சாதி. ஏறினாலும் பயமில்ல, நல்லாக் கேக்கற மருந்து இருக்கு. நேரத்துல வரணும், அவ்வளவுதான். அஞ்சு வருஷம் தவறாம ரத்தம் பாக்கணும், ஸ்கேன் பாக்கணும். உங்க ஊர் டாக்டருக்கு லெட்டர் தர்றேன்." நீக்கோரா தலையாட்டினான். ஆடு கூட அப்படித்தான் ஆட்டும்.

கீறலைக் கட்டிவிட்ட நர்ஸ், இதற்கும் குடலிறக்கத்துக்கும் கவட்டில் ஒரே இடத்தில்தான் கத்தி வைப்பார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். நீக்கோரா அதைப் பிடித்துக்கொண்டான்.

"சித்தி, குடலிறக்கம்."

"என்னடா?"

"எனக்கு ஆனது குடலிறக்கம். அம்மாகிட்டயும் அதான். எல்லார்கிட்டயும் அதான்."

உடம்பிலிருந்து எடுத்த எதையும் ஆஸ்பத்திரிக் குப்பையில் விட்டுவிட்டு வருகிறவர்கள் அல்ல அந்தக் கடற்கரைச் சனம். வெட்டிய காலானாலும் பிறந்த மண்ணுக்குத் திரும்பியாக வேண்டும். ஆகவே பிரிஹிரா ஆஸ்பத்திரி அலுவலகத்தில் போய் நின்றாள். "அது எங்க வீட்டுப் புள்ளைங்க. பாதியோ முழுசோ, குடுங்க." மூன்று கையெழுத்துக்குப் பிறகு, மூடி இறுக்கிய சின்ன டப்பா ஒன்றை ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில், ஒரு ஆப்பிளுக்குக்கூட விசாரணை வைக்கிற அதிகாரியிடம் காகிதத்தை நீட்டினாள். அவர் படித்தார். அவளைப் பார்த்தார். பின்னால் நின்ற நீக்கோராவைப் பார்த்தார். கால்களை ஒடுக்கிக்கொண்டு முத்திரை குத்தினார். அந்த முகத்தை ஊரில் நடித்துக்காட்ட முடியாமல் போனதைப் பெரிய நஷ்டமாகவே அவள் நினைத்தாள்.

விடிகிற நேரத்தில் இரண்டு பேரும் குடும்பத்து இடுகாட்டுக்குப் போனார்கள். நீக்கோராவின் அப்பா எருவேரா அங்கே இருக்கிறான். நாற்பத்து நாலு வயதில் வயிற்றுப் புற்றில் போனவன்; அவனுடைய பெரியப்பாவும் அதிலேயே போனவர். வயிறு என்ற சொல்லைச் சொல்லும்போது அந்த வீட்டில் குரல் தானாகத் தாழும். எருவேராவின் காலடியில் குழி தோண்டி, பெட்டியை வைத்து, பிரிஹிரா தனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னாள். நீக்கோரா சட்டைப் பையிலிருந்து சர்ஜனின் கடிதத்தை எடுத்து அதையும் குழிக்குள் போட்டான்.

"அது உங்க டாக்டருக்குன்னு குடுத்ததுடா."

"அதோட காகிதம் அதோடயே போகட்டும்." மண்ணைத் தள்ளினான். "சித்தி, யாருக்கும் சொல்லமாட்டேன்னு சொல்லு. அப்பா கேட்டுக்கிட்டு இருக்காரு. அவர் முன்னாடி சொல்லு."

"நான் என்னத்த சொல்லப்போறேன்..."

"நீ சொல்லுவ. காயடிச்ச ஆட்ட நான் தினம் நூறு தடவ புரட்டிப்போடறேன் சித்தி. அந்தக் கொட்டகைல என்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

செத்தவர்கள் முன்னால் கொடுத்த வார்த்தை சும்மா வாயால் கொடுத்த வார்த்தை மாதிரி இல்லை. பிரிஹிரா கொடுத்தாள். வெளியே வந்து கையில் தண்ணீர் தெளித்துக்கொண்டார்கள். தோண்டியாயிற்று, ஜெபம் ஆயிற்று, கை கழுவியாயிற்று. கதை முடிந்தது என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். ரத்தப் பரிசோதனைக்கு அவன் ஒரு தடவைகூடப் போகவில்லை. அவளும் போ என்று சொல்லவில்லை. புதைத்த ஒன்றுக்கு எதற்குப் பரிசோதனை?

இரண்டாவது குளிர்காலத்தில் நீக்கோரா வெளுத்தான். முந்நூறு ஆடு இருநூறாயிற்று. அடிவயிறு பிசைகிறது என்றான். ஊர் கிளினிக் நர்ஸ், முதுகுவலிக்கு அவன் முழுங்குகிற மாத்திரைகளைக் கேட்டுவிட்டு வயிற்றுப்புண் என்றாள். ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தாள். அந்த மாத்திரை தின்றால் மலம் கருப்பாகத்தான் போகும் என்றாள். அவனுக்கு முன்பே தார் மாதிரி போய்க்கொண்டிருந்தது. அதை அவன் அவளிடம் சொல்லவில்லை. மாத்திரை வந்தபிறகு சொல்லவேண்டிய அவசியமும் இல்லாமல் போயிற்று.

போதாததற்கு மார் இரண்டும் வீங்கிக்கொண்டு வந்தது.

"மாப்ள, இன்னும் ரெண்டு மாசத்துல உன்னையும் பால்பண்ணைல சேத்துக்கலாம்போல," என்றான் ரங்கி.

"பீர்டா."

"நானும்தான் குடிக்கறேன். எனக்கு வயித்துல நிக்குது. உனக்கு மட்டும் எப்படி மாடி ஏறுது?"

பிரிஹிரா தேநீர் ஊற்றிக்கொண்டே பார்த்தாள். ஊரில் யார் வீட்டு நாய் இளைத்தாலும் காரணம் சொல்லக்கூடியவள் இதை மட்டும் கோத்துப் பார்க்கவில்லை. எருவேராவின் காலடியில் கிடக்கிற ஒன்று எப்படி இவன் வயிற்றுக்கு வரும்? அப்படி நினைப்பதே அதைத் தோண்டி எழுப்புகிற மாதிரி என்று நினைப்பை வேறு பக்கம் திருப்பினாள்.

திங்கட்கிழமை காலை இரண்டாவது சுற்றில், பிடித்திருந்த ஆட்டை விட்டுவிட்டு நீக்கோரா முட்டி போட்டான். கைநழுவிய மின்சாரக் கத்தரி தானாக ஓடிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து வந்த ரத்தம் வெள்ளைக் கம்பளி மேல் விழுந்தது. ரங்கிதான் முதலில் ஓடினான். அவன் அன்று ஒரு கேலியும் சொல்லவில்லை.

நகரத்து ஆஸ்பத்திரியில் ஐந்து பை ரத்தம் ஏற்றினார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மத்தியானம் டாக்டர் ஹேஸல் வார்டுக்கு வந்தாள். சின்னப் பெண், இங்கிலாந்துக்காரி, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. கட்டிலைச் சுற்றி உறவுக்காரர்கள் பதினோரு பேர். பெண் டாக்டர் என்று பார்த்ததும் நீக்கோரா போர்வையை மார்வரை இழுத்துக்கொண்டான்.

"இரைப்பைல ஒண்ணு, சிறுகுடல் ஆரம்பத்துல ஒண்ணு, ரெண்டு கட்டி இருக்கு," என்றாள் டாக்டர். "சாதாரணப் புண் மாதிரி இல்ல. கறுத்துப்போய், தொட்டாலே ரத்தம் வருது. சதை எடுத்து அனுப்பியிருக்கேன். வீட்டுல வேற யாருக்காவது..."

"அவங்கப்பாவுக்கு," என்றாள் ஹாரியாட்டா. "வயித்துல."

டாக்டர் எழுதிக்கொண்டாள். அந்த எழுத்தோடேயே கதை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ஆனாலும் அவள் கெட்டிக்காரி. பேனாவை மூடாமல் நின்றாள்.

"நீக்கோரா, உங்களுக்கு மார் வீங்கியிருக்கே, எத்தன நாளா? இதுக்கு முன்னாடி கட்டி எதாவது இருந்துதா? ஆபரேஷன்? இடுப்புக்குக் கீழ ஒரு தழும்பு இருக்குன்னு நர்ஸ் சொன்னாங்க."

"குடலிறக்கம்," என்றான் நீக்கோரா.

"எங்க பண்ணாங்க? எங்க கம்ப்யூட்டர்ல இல்லையே."

"ஆஸ்திரேலியால."

டாக்டர் இன்னும் நகரவில்லை. "குடலிறக்கம்தானே? வேற ஒண்ணும் இல்லையே?"

பதினோரு பேருக்கு மேல் எட்டிப்பார்த்து நீக்கோராவின் கண் பிரிஹிராவைத் தேடிப் பிடித்தது. கெஞ்சுகிற கண் இல்லை அது, நினைவுபடுத்துகிற கண். அவள் சும்மா இருந்திருந்தால்கூடப் போதும். டாக்டர் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருப்பாள். திரையை இழுத்துவிட்டு ஒரு தடவை பார்த்திருப்பாள்.

"குடலிறக்கம்தான் டாக்டரம்மா," என்றாள் பிரிஹிரா. "நான்தான் கூட இருந்தேன். என் கையாலதான் கஞ்சி குடுத்தேன்."

"சித்திக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லீங்க," என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல். இரண்டு பேர் சிரித்தார்கள். டாக்டரும் சின்னதாகச் சிரித்துவிட்டுப் பேனாவை மூடினாள்.

புதன்கிழமை ஸ்கேன். ஈரலில் புள்ளிகள், நுரையீரலில் புள்ளிகள். வெள்ளிக்கிழமை சதைப் பரிசோதனையின் முடிவு வந்தது. குடும்பத்தை ஒரு அறையில் உட்காரவைத்து டாக்டர் ஹேஸல் மெதுவாகப் பேசினாள். கெட்ட செல்தான், முகமே தெரியாத அளவுக்கு உருமாறிய செல், எங்கிருந்து கிளம்பியது என்று அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் வயிற்றில் இருக்கிறது, அப்பாவுக்கும் வயிற்றில் இருந்தது. ஒரு காகிதத்தை எடுத்து இரைப்பையை வரைந்தாள். அதிலிருந்து ஈரலுக்கு ஒரு அம்புக்குறி, நுரையீரலுக்கு ஒன்று, கீழே சிறுகுடலுக்கு ஒன்று.

"இங்க ஆரம்பிச்சு, இப்படியெல்லாம் போயிருக்கு. இந்த நிலைல மருந்து குடுத்தா சில வாரம் கிடைக்கலாம். அதுவும் கஷ்டத்தோட."

"வேணாம்," என்றாள் ஹாரியாட்டா. அவளுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "அவங்கப்பனுக்கு மருந்து குடுத்து என்ன பாத்தோம்? புள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்."

பிரிஹிரா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதேபோல ஒரு படத்தை அவள் பார்த்திருக்கிறாள். அதில் அம்புக்குறி கீழேயிருந்து மேலே போயிற்று. இந்தப் படத்தில் டாக்டர் பேனாவைத் தப்பான இடத்தில் ஊன்றித் தொடங்கியிருக்கிறாள். கிழட்டு சர்ஜனின் குரல் அப்படியே காதில் வந்தது: ஏறினாலும் பயமில்ல, நல்லாக் கேக்கற மருந்து இருக்கு, நேரத்துல வரணும். இரண்டு வருஷமாக நினைக்காமல் இருந்த வாக்கியம் ஒரு எழுத்துக் குறையாமல் இருந்தது. கேட்ட எதையும் அவள் மறந்ததில்லை என்பது ஊருக்கே தெரிந்ததுதானே.

வாயைத் திறந்தாள். சுற்றிலும் உறவு. திறந்த வாயால் தண்ணீர் கேட்டாள்.

வீட்டுக்குப் போகிற வண்டியில் பின்சீட்டில் நீக்கோராவைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். முன்னால் ஹாரியாட்டா அழுதுகொண்டே தூங்கிப்போயிருந்தாள். ரங்கி ஓட்டினான், ரேடியோவில் பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"டேய்," என்று காதோடு சொன்னாள். "அந்த அம்மா தப்பா வரையறாடா. வயித்துல ஆரம்பிக்கல அது."

"தெரியும்."

"தெரியுமா?"

"நேத்து ராத்திரி யோசிச்சேன்." அவன் உதடு காய்ந்திருந்தது. "அப்பாவோடதுன்னே இருக்கட்டும் சித்தி. எங்கப்பன் செத்தமாதிரி செத்தேன்னு சொன்னா ஒரு மரியாத இருக்கு."

"மருந்து இருக்குன்னு அந்தக் கிழவன் சொன்னாண்டா."

"நீ வார்த்த குடுத்திருக்க. எங்கிட்ட இல்ல, அவர்கிட்ட."

அதற்குமேல் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

வார்த்தையை மீறலாமா என்று அவளைக் கேட்டிருந்தால், மற்றவர்கள் கொடுத்த வார்த்தை என்றால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லியிருப்பாள். சனிக்கிழமை காலை, வீடு நிறைய வந்தவர்களுக்குப் பன்றி எலும்பும் கீரையும் கொதித்துக்கொண்டிருந்தபோது, அடுப்பைத் தங்கை முறைக்காரி ஒருத்தியிடம் விட்டுவிட்டு இடுகாட்டுக்குப் போனாள். யாரிடம் கொடுத்தாளோ அவனிடமே திருப்பிக் கேட்க வேண்டும், அதுதான் முறை. இரவே போயிருக்கலாம். இருட்டில் அங்கே போகிற பழக்கமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விடிய விடியக் காத்திருந்தாள். அதையும் பின்னால் தன் தப்புகளின் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

"எருவேரா," என்றாள். "உன் மகன் உன்கூட வர்றேன்னு நிக்கறான். வரவேண்டிய அவசியமில்ல. நீ எனக்கு வார்த்தையத் திருப்பிக் குடு."

எருவேரா உயிரோடு இருந்தபோதும் உடனே பதில் சொல்கிற ஆள் இல்லை. காற்று அடித்தது. கீழே கடல். கால்மணி நேரம் நின்றாள்.

"நீ குடுக்கலேன்னாலும் நான் எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு வந்தாள். வாசலில் கை கழுவ மறந்துபோனாள்.

வைக்கோரேயில் செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் பெட்ரோல் பங்க் கடை வாசல் ஒன்றுதான். அங்கே சனிக்கிழமைக் கூட்டம். ஆஸ்பத்திரிக்குப் போட்டு, டாக்டர் ஹேஸல் வேண்டும் என்றாள். லீவு என்றார்கள். "அவ வீட்டுக்குப் போடு," என்றாள். என்ன அவசரம் என்றார்கள். "செத்துப்போக இருக்கிற பையன் சாகாம இருக்கலாம், அந்த அவசரம்." கடைசியில் டாக்டரே கூப்பிட்டாள். காற்றில் பாதி கேட்கவில்லை.

"டாக்டரம்மா, குடலிறக்கம் இல்ல அது. வெர எடுத்தாங்க. வலது வெர. கேன்சர்னு எடுத்தாங்க... வெர. வெ-ர. கீழ இருக்குமே... ஆமா, அதான்."

பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த மூன்று பேர், ரொட்டி வாங்க வந்த பாதிரியார், கல்லாப்பெட்டிப் பெண், எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். தன் வாழ்நாளிலேயே பெரிய சேதியை அவள் ஊரின் நட்டநடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். ஒருவர் முகத்தைக்கூடக் கவனிக்கவில்லை.

பிறகு டாக்டர் சொன்னாள்: "ஹெலிகாப்டர் அனுப்பறேன். அவரை எதுவும் சாப்பிட விடாதீங்க."

"லேட்டாயிடுச்சா?"

"தெரியல." மூச்சு விடுகிற சத்தம். "செவ்வாக்கிழம நான் கேட்டேனே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பிரிஹிராவால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்க முடியும்.

ஹெலிகாப்டர் பந்தாட்ட மைதானத்தில் இறங்கியது. அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. ஸ்ட்ரெச்சரைத் தூக்க எட்டு ஆண்கள் வந்தார்கள். யாருக்கும் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ரங்கி மட்டும் குனிந்து, "ஒத்தக் கொட்டைய வெச்சுக்கிட்டாடா எங்க எல்லாரையும் முந்நூறு ஆட்டுல தோக்கடிச்ச? ரெண்டும் இருந்திருந்தா எங்க பொழப்பு என்ன ஆயிருக்கும்?" என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

நீக்கோரா பிரிஹிராவைப் பார்த்தான்.

"சொல்லிட்டியா சித்தி."

"சொல்லிட்டேன்."

"யார் யாருக்கு?"

"டாக்டருக்கு. அப்புறம்... கடைல நின்னுதான் பேசினேன்."

"அப்ப எல்லாருக்கும்." அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தாள். அவன் கையை மட்டும் நீட்டினான். "எனக்குப் பயமா இருக்கு சித்தி. நேத்தே சொல்லியிருக்கலாம் நீ."

ஹெலிகாப்டரில் ஒருவருக்குத்தான் இடம். ஹாரியாட்டா ஏறினாள்.

பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் அன்றே ரத்தம் பார்த்தார்கள். ஹாரியாட்டா போனில் சொன்னாள்: மாசமாக இருக்கிற பெண்ணுக்குச் சுரக்கிற சுரப்பு இவன் ரத்தத்தில் லட்சக்கணக்கில் இருக்கிறதாம், மார் வீங்கியது அதனால்தானாம். கீழேயிருந்து கிளம்பி இரைப்பைவரை போவது அபூர்வமாம்; நூறு பேரில் நாலைந்து பேருக்குக்கூட வராதாம். ஆனால் மருந்து உண்டு என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மருந்து ஏற ஆரம்பித்தது. திங்கட்கிழமை அவன் ரெண்டு ஸ்பூன் ஜெல்லி சாப்பிட்டான். பிரிஹிரா அந்த ரெண்டு ஸ்பூன் ஜெல்லியை ஊரின் அறுபது வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் போன் வந்தது.

"மருந்து பட்டதும் கட்டியெல்லாம் ஒடஞ்சுதாம்," என்றாள் ஹாரியாட்டா. குரல் ஒரே மட்டத்தில் இருந்தது. "உள்ள எல்லா எடத்துலயும் ரத்தம். நுரையீரல்லயும். பை பையா ஏத்தினாங்க, நிக்கல. உடம்புல ஒரு வாரத்துக்கு முன்னாடி இருந்த தெம்பு இருந்திருந்தா தாங்கியிருக்கலாம்னு பெரிய டாக்டர் சொன்னாரு."

பிரிஹிரா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"போன செவ்வாக்கிழம அந்தப் பொண்ணு கேட்டுதே," என்றாள் ஹாரியாட்டா. "குடலிறக்கம்னு நீ சொன்ன."

"ஆமாக்கா."

"தெரிஞ்சுதான சொன்ன?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

போனில் வண்டி உருளுகிற சத்தம், யாரோ நடக்கிற சத்தம்.

"அவனோட கருப்புக் கோட்டு பீரோல இருக்கு," என்றாள் ஹாரியாட்டா. "எடுத்துத் தட்டி வை. வெள்ளச் சட்டைய இஸ்திரி போடு. நாளைக்குக் கொண்டுவர்றோம்."

பிரிஹிரா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது ரங்கி வாசலில் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் கொட்டகை ஆட்கள் நாலு பேர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. சேதி அவளிடமிருந்து வரவில்லை என்பதாலேயே அவர்களுக்குப் புரிந்துபோயிருந்தது.

"போயிட்டானா சித்தி?"

"போயிட்டான்."

ரங்கி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அவளுக்கு உதவி செய்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான். "எங்க ஆரம்பிச்சிருந்தாலும் கடைசில அவங்கப்பன் மாதிரி வயித்துலதான வந்து நின்னுது. விதி. யாரால என்ன பண்ண முடியும்?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். வார்டில் அவள் குடலிறக்கம் என்றதைக் கேட்ட உறவுக்காரர்களும் அதை ஒரு சம்பிரதாயப் பேச்சாக மறந்துவிடுவார்கள். அக்கா சொல்லமாட்டாள், அவள் எதையும் வெளியே சொல்கிறவள் இல்லை. இரண்டு நாளில் ஊர் முழுக்க விதி என்றே இருக்கும்.

பிரிஹிரா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இல்ல," என்றாள். "விதி இல்ல. நாந்தான். உள்ள வாங்க, உக்காருங்க. ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும்."